பழைய கன்ட்ரோலரைக் கழற்றும் முன்

ஆலை நிற்கும், கன்ட்ரோலர் மாறும். வடிகோபுரமும் கொதிகலனும் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் உழைக்கும்; அவற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் கட்டுக்குள் வைத்திருக்கும் கருவிகள் அவ்வளவு காலம் தாங்குவதில்லை. இதில் வியப்பு என்னவென்றால், காற்றில் ஓடிய பழைய கன்ட்ரோலர்களைவிட, அவற்றுக்குப் பிறகு வந்த 1970, 80-களின் மின்னணுப் பெட்டிகள்தான் முதலில் கைவிடுகின்றன. பவர் சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர்கள் காய்ந்துபோகும். உள்ளே இருக்கும் சிப்பைத் தயாரிப்பதை நிறுத்திப் பல காலம் ஆகியிருக்கும். ஆகவே மாற்றத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பழையதைக் கழற்றி, புதிய மாடுலைச் செருகி, பில் போட்டு முடிக்கிற கொள்முதல் வேலையாக இதை நடத்துவது ஆபத்து. இந்தக் கருவிகளின் வரலாறே அதற்குச் சாட்சி.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இயங்கிய ஃபாக்ஸ்போரோ நிறுவனம் 1931-இல் ஸ்டேபிலாக் என்ற கன்ட்ரோலரைக் கொண்டுவந்தது. மின்சாரம் இல்லை, அழுத்தப்பட்ட காற்று மட்டும். ஒரு சிறிய முனையிலிருந்து காற்று கசியும். அதன் எதிரே ஒரு மெல்லிய தகடு. தகடு மயிரிழை நெருங்கினால் உள்ளே அழுத்தம் ஏறும், விலகினால் இறங்கும். அந்த அழுத்தம்தான் தொலைவில் உள்ள வால்வைத் திறந்து மூடியது. தீப்பொறிக்கு இடமில்லாததால் எண்ணெய் ஆலைகள் இதை விரும்பி ஏற்றன. சிக்னலின் அளவு 3 முதல் 15 பிஎஸ்ஐ என்று நிலைபெற்றது. பூஜ்யத்தில் தொடங்காமல் ஏன் 3? குழாய் உடைந்தால் அழுத்தம் பூஜ்யமாகிவிடும். தொட்டி காலியா, குழாய் உடைந்ததா என்று தெரிய வேண்டுமே! பின்னாளில் மின் சிக்னல் வந்தபோது 4 முதல் 20 மில்லி ஆம்பியர் என்று வைத்ததிலும் அதே புத்திதான். இன்று விற்கும் மாடுலிலும் அந்த 4 இருக்கிறது.

1942-இல் ராச்செஸ்டர் நகரின் டெய்லர் நிறுவனத்தில் பணியாற்றிய சீக்லரும் நிக்கல்ஸும் கன்ட்ரோலரை டியூன் செய்ய ஒரு முறையான வழியை வெளியிட்டார்கள். அது தொடக்கப்புள்ளியைத் தந்தது. மீதியை ஷிஃப்ட் ஆட்கள் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் திருகிக் கண்டடைந்தார்கள். பழைய பேனலில் இருக்கும் ஒவ்வொரு குமிழின் நிலையும் அப்படிச் சேர்ந்த அனுபவம்.

அதை அப்படியே புதியதில் எழுதிவிட முடியாது. பழைய கருவியில் புரபோர்ஷனல் பேண்ட் 200 சதவீதம் என்றிருக்கும். புதியது அதன் தலைகீழான கெயினைக் கேட்கும். 200 சதவீத பேண்ட் என்றால் கெயின் 0.5. அவசரத்தில் 2 என்று அடித்தால், வால்வு நான்கு மடங்கு முரட்டுத்தனமாக ஆடும். ரீசெட்டும் அப்படியே. பழையதில் அது நிமிடத்துக்கு இத்தனை முறை என்று குறிக்கப்பட்டிருக்கலாம். புதியது விநாடியில் நேரம் கேட்கும். 0.5 என்பது அங்கே 120 ஆக வேண்டும். எல்லாவற்றையும் சரியாக மாற்றிய பிறகும், உள்ளே ஓடும் சமன்பாடு வேறு வகையாக இருந்தால் லூப், அதாவது அளவீடும் கன்ட்ரோலரும் வால்வும் சேர்ந்த சுற்று, பழையபடி நடக்காது. இதை உட்கார்ந்து கணக்குப் போட ஒருவருக்கு நேரம் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் திட்ட அட்டவணையில் அந்த நேரம் இருப்பதில்லை.

‘மாடுலர்’ என்ற ஏற்பாடும் சும்மா வந்ததல்ல. 1962-இல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனம் ஃப்ளீட்வுட்டில் இருந்த தன் சோடா ஆலையின் அனலாக் கருவிகளை எடுத்துவிட்டு, ஃபெராண்டி ஆர்கஸ் என்ற ஒரே கம்ப்யூட்டரை வைத்தது. 224 அளவீடுகளை அது படித்தது. 129 வால்வுகளை நேரடியாக இயக்கியது. துணிச்சலான வேலை. ஆனால் எல்லா லூப்பும் ஒரே கம்ப்யூட்டரில் என்றால், அது படுத்தால் ஆலை முழுவதும் படுக்கும். 1975-இல் ஹனிவெல்லின் டிடிசி 2000 அந்தப் பாரத்தைப் பிரித்தது: ஒரு பெட்டிக்கு எட்டு லூப். அதே ஆண்டில் ஜப்பானின் யோகோகாவா சென்டமை வெளியிட்டது. இப்போது ஒரு கார்டு பழுதானால் அதை மட்டும் உருவி மாற்றுகிறோமே, அந்த வசதியின் வேர் அங்கே இருக்கிறது. இன்று செலவைக் குறைக்க நூற்றுக்கணக்கான லூப்களை மீண்டும் ஒரே பிராசஸரில் குவிப்பவர்கள் ஃப்ளீட்வுட்டை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எனக்கு இன்னும் பெரிய கவலை கன்ட்ரோல் ரூமைப் பற்றியது. சுவர் நிறைய முள் கருவிகள் இருந்த காலத்தில், உள்ளே நுழைந்த ஆபரேட்டர் எந்த முள் வரிசை கலைந்து நிற்கிறது என்று ஒரே பார்வையில் கண்டுகொண்டார். அந்தப் பார்வையைத் திரைகள் துண்டு துண்டாக்கின. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸின் மில்ஃபோர்டு ஹேவனில் இருந்த டெக்ஸாக்கோ சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நடந்தது. மூடிக் கிடந்த ஒரு வால்வைத் திறந்திருப்பதாகத் திரை காட்டியது. அலாரம் வைப்பது எளிதாகிவிட்டதால் முக்கியமானதும் அற்பமானதும் ஒரே குரலில் கத்தின. வெடிப்புக்கு முந்தைய சுமார் பதினொரு நிமிடங்களில் 275 அலாரங்கள். பார்க்க இரண்டு ஆபரேட்டர்கள். ஆலை மொத்தமாக எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் படம் ஒன்றும் திரையில் இல்லை என்று பிரிட்டிஷ் அரசின் விசாரணை சொன்னது. இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். உயிர் போகாதது அதிர்ஷ்டம்.

ஆகவே என் கோரிக்கை இது. கழற்றும் முன் ஒவ்வொரு லூப்பின் செட்டிங்கையும், அது ஏன் அப்படி இருக்கிறது என்பதையும் அதை ஓட்டியவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அலாரத்துக்கும் ஆபரேட்டர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இருக்கட்டும். செய்ய ஒன்றுமில்லை என்றால் அந்த அலாரம் வேண்டாம். ஓடும் ஆலையில் லூப் லூப்பாக மாற்றும்போது, வால்வு பக்கத்தில் ஒருவரும் பேனலில் ஒருவரும் நிற்க, புதிய கன்ட்ரோலரின் அவுட்புட்டை வால்வின் அப்போதைய நிலையோடு பொருத்திய பிறகே ஆட்டோவில் போடுங்கள். திரைப் படங்கள் வரையும் கட்டத்திலேயே ஷிஃப்ட் ஆபரேட்டர்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவர்கள் அங்கே உட்காரும் மணிநேரங்களுக்கு டெண்டரிலேயே பணம் ஒதுக்குங்கள்.