எஞ்சினைக் கழற்றுமுன் கணக்குப் பார்ப்போம்

கம்போங் மேடான் அடுக்குமாடியில் குடியிருக்கும் தோழர் ஒருவர் சென்ற மாதம் நம்மைத் தேடி வந்தார். தகப்பனார் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது, குடும்பம் பழைய கிள்ளான் சாலைப் பக்கம் வந்து சேர்ந்தது. தோழர் கையில் ஒரு பட்டறையின் விலைச்சீட்டு இருந்தது.

"அண்ணே, என் பழைய கப்சாயை மின்சார வண்டியாக மாற்றித் தருகிறார்களாம். நாலாயிரம் வெள்ளி. முன்பணம் ஆயிரம். இனிப் பெட்ரோல் செலவே இல்லை என்கிறார்கள். கட்டட்டுமா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையதன்று. தோட்டத்திலும் பட்டணத்திலும் நம்மவரின் கால் மோட்டார் சைக்கிள்தான். ஆகவே நாம் தாளும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தோம். அந்தக் கணக்கையே இங்கே வாசகத் தோழர்கள் முன் வைக்கிறோம்.

அவர் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகிறார். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்றால் 20 லிட்டர். 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கு ரோன் 95 பெட்ரோலை லிட்டர் 1 வெள்ளி 99 காசுக்குத் தரத் தொடங்கினார்கள். அந்த விலைக்கு மாதச் செலவு 40 வெள்ளி. அதே தூரத்துக்கு மின்சாரம் ஏறக்குறைய 35 யூனிட் பிடிக்கும். யூனிட் 45 காசு என்று வைத்தால் 16 வெள்ளி. மிச்சம் 24 வெள்ளி. எஞ்சின் எண்ணெய், பிளக், செயின் செலவு மிச்சத்தையும் தாராளமாகச் சேர்த்து 40 வெள்ளி என்றே கொள்வோம். போட்ட நாலாயிரம் திரும்ப 100 மாதம் ஆகும். எட்டு ஆண்டு நான்கு மாதம்! அதுவரை அந்தப் பேட்டரி உழைக்குமா? உழைக்கும் என்று பட்டறைக்காரர் எழுதித் தருவாரா?

வேலை கடினமானதன்று. எஞ்சினைக் கழற்றிவிட்டு, பின்சக்கரத்தில் மோட்டாரையும், அதை அடக்கி ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும், பேட்டரியையும் பொருத்துகிறார்கள். இவற்றில் விலை கூடியது பேட்டரிதான். மலிவு என்று காட்டுவோர் இங்கேதான் கை வைக்கிறார்கள். ஈயப் பேட்டரி மலிவு. ஆனால் கனம் மிகுந்தது, ஆயுள் குறைந்தது. லித்தியம் பேட்டரி இலேசானது. ஆனால் தரம் கெட்டதாக இருந்தாலும், காவல் மின்சுற்று சரியில்லாவிட்டாலும் தீப்பிடிக்கும். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் மின்னிணைப்பு இல்லாத அடுக்குமாடியில், பேட்டரியை மாடிக்குத் தூக்கிச் சென்று, பிள்ளைகள் படுத்துறங்கும் அறையில் இரவெல்லாம் மின்னேற்ற வேண்டிவரும். பணம் மிச்சம் பிடிக்கப் போய் உயிரைப் பணயம் வைக்கலாமா?

சட்டமும் உண்டு. பதிவு அட்டையில் எஞ்சின் எண் இருக்கிறது. சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியின்றி எஞ்சினை மாற்றினால் வண்டி சட்டத்துக்குப் புறம்பாகும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கைவிடும். முன்பணம் வாங்குகிறவர் இதைச் சொல்வதில்லை.

அப்படியானால் மின்சார வண்டி பணக்காரருக்கு மட்டும்தானா? அல்ல. எரிபொருள் முடைப்பட்ட காலத்தில் வண்டியை மாற்றி ஓட்டுவது நமக்குப் புதிதல்ல. ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவில் கரிவாயுவில் லாரிகள் ஓடின. ரப்பரையே காய்ச்சி எண்ணெய் எடுத்தார்கள். 2022இல் இலங்கையில் முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லிட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். நம் நாட்டிலும் மானியம் நிலையானதன்று. 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து ஒரே இரவில் 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியதை மறந்துவிட்டோமா? பெட்ரோலுக்கும் அந்த நாள் வந்தால் நம் கணக்கு மாறிவிடும். அன்று அவசரத்தில் ஏமாறாதிருக்க இன்றே ஆயத்தமாக வேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று.

முதலாவது, மாற்றுக் கருவிகளைச் சோதித்து, அங்கீகரித்த கருவிகளின் பட்டியலை அரசாங்கம் வெளியிடவேண்டும். பிரான்ஸ் 2020இல் பழைய வண்டியை மின்சாரத்துக்கு மாற்றச் சட்டவிதி வகுத்தது. இந்தியாவிலும் மாற்றுக் கருவிக்குச் சோதனைச் சான்று வேண்டும். நம் அரசாங்கம் மின்சார மோட்டார் சைக்கிளுக்கு 2,400 வெள்ளி வரை கழிவு தரும் திட்டம் கொண்டுவந்தது. அது புதுவண்டி வாங்குவோருக்கே. பழைய வண்டியை முறைப்படி மாற்றுகிற ஏழைக்கும் அதில் பங்கு வேண்டாமா?

இரண்டாவது, மலிவு விலை அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில், மீட்டரோடு கூடிய பாதுகாப்பான மின்னிணைப்பு அமைக்கவேண்டும்.

மூன்றாவது, நாமே செய்யவேண்டியது. பேட்டரிக்கு ஒருவர் தனியே ஆயிரக்கணக்கில் கொட்டுவானேன்? தைவானில் 2015 முதல் மோட்டார் சைக்கிள்காரர்கள் மாதக் கட்டணம் கட்டி, தீர்ந்த பேட்டரியை நிலையத்தில் கொடுத்து நிறைந்ததை எடுத்துச் செல்கிறார்கள். இங்கே கூட்டுறவுச் சங்கம் சோதித்த பேட்டரிகளை மொத்தமாக வாங்கி உறுப்பினருக்கு வாடகைக்குத் தந்தால் என்ன? பேட்டரி கெட்டால் நட்டம் ஒருவன் தலையில் விழாது.

முடியாது என்பாருக்கு ஒன்று நினைவூட்டுவோம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டங்களையே வாங்கினோம். தோட்டம் வாங்கிய கைகளுக்குப் பேட்டரி வாங்குவதா பெரிது?

தோழர் முன்பணம் கட்டவில்லை. கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, செயினையும் டயரையும் சரிபார்த்து, அதே கப்சாயில் வேலைக்குப் போகிறார். அடுத்த குடியிருப்போர் கூட்டத்தில் கீழ்த்தள மின்னிணைப்பைப் பற்றிப் பேசப்போவதாகச் சொல்லியிருக்கிறார். நாமும் உடன் போவோம். தனியொருவராகப் பட்டறை வாசலில் நின்றால் ஏமாளியாவோம். சங்கமாக நின்று கேட்டால் நியாயம் பெறுவோம்.