குறட்டை போயிற்று, காற்று வந்தது

எங்கள் தெருவில் ஒரு கிரேன் ஆபரேட்டர் குடியிருக்கிறார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்காலையில் வேலை. நல்ல மனிதர், வம்பு தும்புக்குப் போகாதவர். அவரிடம் இருந்த ஒரே குறை, குறட்டை. இரவு பதினொன்றுக்கு ஆரம்பித்தால் விடிகாலை முதல் மின்சார ரயில் ஊதும் வரையில் ஓயாது. நடுநடுவே திடீரென்று நின்று போகும். சத்தம் நின்றதே என்று நாம் சந்தோஷப்பட முடியாது. மூச்சே நின்று போயிருக்கும். பிறகு திணறலோடு ஒரு பெரிய உறுமல், மறுபடியும் குறட்டை.

ஒரு வழியாக அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்று தூக்கப் பரிசோதனை செய்து, முகமூடி இயந்திரமும் வாங்கியாயிற்று. கடன் வாங்கித்தான். ஒரு மாதம் கழித்து அவர் மனைவி என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"குறட்டை போச்சு அக்கா. அதுக்குப் பதிலா இப்ப காத்து வந்திருக்கு. ராத்திரி பூரா என் கன்னத்துல ஒரே இடத்துல ஊதுது. தூக்கமே இல்லை. கூடத்துல போய்ப் படுங்கன்னு அனுப்பிட்டேன்."

"மெஷினோடயா?" என்று நான் கேட்டேன்.

"கூடத்துல பிளக் இல்லைங்களே."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த மனிதர் உருகிய இரும்பு நிறைந்த கொப்பரையைப் பத்துப் பேர் தலைக்கு மேலே ஓட்டிச் செல்கிறவர். இரவு தூக்கமில்லாமல், மறுநாள் கண் சொருக, அந்தக் கூண்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். காரணம், மனைவியின் கன்னத்தில் பட்ட ஒரு காற்று!

நான் இதில் அனுபவஸ்தன். பேட்டையில் ஷிப்டு சூபர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். நான்கு வருஷமாக நானும் முகமூடிக்காரன். அதற்கு முன்பு ஒரு நாள் சென்னையிலிருந்து ரயிலேறி, பொன்னேரியில் கண் அயர்ந்து, கும்மிடிப்பூண்டியைக் கோட்டைவிட்டு, ஆந்திராவில் சூலூர்பேட்டையில் போய் விழித்தேன். அன்றைக்குச் சிரித்தோம். அதே தூக்கம் மோட்டார் சைக்கிளில், கொல்கத்தா நெடுஞ்சாலையில், லாரிகளுக்கு நடுவில் வந்திருந்தால் சிரிப்பதற்கு ஆள் இருந்திருக்க மாட்டேன்.

இந்த வியாதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுக் குழலை அடைத்துக்கொள்கின்றன. பத்து விநாடிக்குக் குறையாமல் மூச்சு நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. மூச்சு நிற்பதும் குறைவதுமாகச் சேர்ந்து மணிக்கு 30 தடவைக்கு மேல் ஆனால் கடுமையான ரகம். ரத்த அழுத்தம் ஏறும், இருதயம் கஷ்டப்படும், பகலெல்லாம் தூக்கம் வழியும். 1981-ஆம் வருஷம் ஆஸ்திரேலியாவின் ஸிட்னி நகரத்து டாக்டர் காலின் ஸல்லிவனும் அவரது சகாக்களும் இதற்கு ஒரு வைத்தியத்தை 'லான்ஸெட்' பத்திரிகையில் வெளியிட்டார்கள். மூக்கு வழியாக இடைவிடாமல் அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தி, தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிப்பது. அவ்வளவுதான் தத்துவம். அந்த நாளில் முகமூடியை ஒவ்வோர் இரவும் பசை தடவி முகத்தில் ஒட்ட வேண்டியிருந்ததாம்; ஊதும் மோட்டாரின் இரைச்சலும் பலமாம். இன்றைய இயந்திரம் அதற்கு எவ்வளவோ மேல். நம் வீட்டு மின்விசிறி இதைவிட அதிகமாகச் சத்தம் போடும்.

அப்படியானால் பக்கத்தில் படுத்திருப்பவளுக்கு என்ன இடைஞ்சல்? விசிறிக் காற்றில் சுகமாகத் தூங்குகிறவளுக்கு இந்தக் காற்று மட்டும் ஏன் ஆகவில்லை? இதை என் மனைவியே எனக்கு விளக்கினாள். விசிறிக் காற்று உடம்பெல்லாம் பரவுகிறது, ஓரிடத்தில் நிற்பதில்லை. முகமூடிக் காற்றோ நூல் பிடித்த மாதிரி ஒரே இடத்தில், கண் இமையிலோ கழுத்திலோ, ஓயாமல் படுகிறது. கொசு கடிப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கொசு காதருகே பாடுவதைப் பொறுக்க முடிகிறதா? அது போலத்தான்.

இங்கே முக்கியமான விஷயம் ஒன்று. முகமூடியிலிருந்து வெளியே வரும் காற்று இரண்டு வகை. ஒன்று, வந்தே தீரவேண்டிய காற்று. நாம் விடும் மூச்சு வெளியேறுவதற்காக முகமூடியின் முன்புறத்திலோ குழாய் சேரும் முழங்கையிலோ சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். அவற்றின் வழியே நிமிஷத்துக்குச் சுமார் 30 லிட்டர் காற்று போய்க்கொண்டே இருக்கும். அழுத்தம் கூடினால் இதுவும் கூடும். மற்றொன்று, வரக்கூடாத காற்று. ரப்பர் போன்ற மெத்தை முகத்தில் சரியாகப் படியாமல் ஓரங்களில் கசிவது. முதலாவதைத் திசை திருப்பலாமே ஒழிய நிறுத்தக்கூடாது. இரண்டாவதை நிறுத்தியே ஆகவேண்டும். இந்த பேதம் தெரியாமல்தான் பல வீடுகளில் ரகளை.

கிரேன்காரர் மனைவி என்ன செய்தாள் தெரியுமா? ஒரு நாள் அந்தத் துளைகள் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறாள்! நல்லவேளை, அவருக்கு மூச்சு முட்டிப் பிய்த்து எறிந்துவிட்டார். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. காற்று வருகிறது, ஓட்டை இருக்கிறது, அடைத்தாள். அடைத்தால் விட்ட கரியமில வாயுவையே திரும்பத் திரும்பச் சுவாசிக்க நேரும் என்று அவளிடம் யார் சொன்னார்கள்? கடைக்காரன் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லையே! பெட்டியைப் புருஷன் கையில் கொடுத்தான், பில்லைக் கொடுத்தான், அனுப்பிவிட்டான்.

என் வழக்கே இங்கேதான் இருக்கிறது. இந்த வியாதியை முதலில் கண்டுபிடிப்பது யார்? டாக்டரா? நோயாளியா? நோயாளிதான் தூங்குகிறானே! பக்கத்தில் படுத்திருப்பவள்தான் இருட்டில் விழித்திருந்து, மூச்சு நிற்பதை எண்ணி, பயந்து, தோளைத் தட்டி எழுப்புகிறவள். டாக்டரும் முதலில் அவளைத்தான் விசாரிக்கிறார்: "எவ்வளவு நேரம் மூச்சு நிற்கிறது அம்மா?" என்று. சாட்சி சொல்ல அவள் வேண்டும். முகமூடிக்கு அளவெடுக்கும் நாளில் மட்டும் அவள் வேண்டாம். கும்பகர்ணன் தூக்கத்தைப் பற்றிக் கதை கதையாகக் கேட்டிருக்கிறோம். அவன் மனைவி வஜ்ரஜ்வாலை எப்படித் தூங்கினாள் என்று எந்தப் பாகவதராவது சொல்லக் கேட்டதுண்டா?

ஆகவே, முகமூடி வாங்கப் போகிறவர்கள் துணையை அழைத்துக்கொண்டு போங்கள். "நோயாளி மட்டும் வந்தால் போதும்" என்றால், வேறு இடம் பாருங்கள். உட்கார்ந்தபடி மாட்டிப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிடாதீர்கள். படுத்தால் கன்னத்துச் சதை சரியும். உட்கார்ந்தபோது படிந்தது படுத்தவுடன் கசியும். இயந்திரத்தை ஓடவிட்டு, வீட்டில் படுக்கிற மாதிரியே படுத்து, துணையைப் பக்கத்தில் தலை வைக்கச் சொல்லி, காற்று அவள் மேல் படுகிறதா என்று கேளுங்கள். வெட்கப்பட்டால் பணம் வீணாகும். துளைகள் எங்கே இருக்கின்றன என்பது முகமூடிக்கு முகமூடி வேறுபடும். சிலவற்றில் பெரிய துளைகள் சில, காற்று பீச்சும். வேறு சிலவற்றில் மிகச் சிறு துளைகள் பல இருக்கும், அல்லது வலை போல இருக்கும். காற்று சிதறிப் போய் உறைக்காது. விலையில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம். கொடுக்கலாம்.

ஏற்கெனவே வாங்கியாயிற்றே என்பவர்களுக்கு, என் வீட்டில் பலித்ததைச் சொல்கிறேன். முதலில் கசிவைப் பாருங்கள். இயந்திரம் ஓடும்போது மெத்தையின் ஓரமாக விரலைச் சுற்றிக் கொண்டுபோனால் தெரிந்துவிடும். கசிந்தால் உடனே வாரை இழுத்து இறுக்குவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. இறுக்கினால் மெத்தை நசுங்கி இன்னும் அதிகமாகக் கசியும், மூக்கில் புண்ணும் வரும். முகமூடியை ஒரு கணம் முகத்திலிருந்து தூக்கி, மெத்தைக்குள் காற்று நிறைந்ததும் மெல்ல விடுங்கள், தானாகப் படியும். நம்மவர்களுக்கு இன்னொரு சத்துரு உண்டு, எண்ணெய். தலைக்குத் தேங்காயெண்ணெய் வழிய வழியத் தடவிக்கொண்டு முகமூடி மாட்டினால் எப்படி நிற்கும்? படுக்குமுன் முகத்தைக் கழுவுங்கள். மெத்தையைத் தினமும் மென்மையான சோப்பில் அலசுங்கள். வாயைத் திறந்து தூங்குகிறவருக்கு மூக்கு மூடி மட்டும் போதாது. வாய் வழியே காற்று சீறும். அதை டாக்டரிடம் சொல்லி வேறு ரகம் கேட்க வேண்டும். அழுத்தத்தை நாமாகக் குறைக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

பிறகு, வந்தே தீரும் அந்தக் காற்று. குழாயைத் தலைக்கு மேலாக, கட்டிலின் தலைமாட்டில் ஒரு துணி நாடாவில் தொங்கவிட்டால், புரளும்போது முகமூடியை இழுக்காது. கனத்த தலையணை முகமூடியை ஒரு பக்கம் தள்ளிவிடும்; சிறிய இலவம்பஞ்சுத் தலையணையில் முகத்தை ஓரமாக வைத்துக்கொண்டால் தள்ளாது. நான் இடது பக்கமாகத் திரும்பிப் படுக்கிறவன். என் மனைவி இருபத்தெட்டு வருஷமாக என் இடது பக்கம் படுத்தவள். இடத்தை மாற்றிக்கொண்டோம். பாதித் தொல்லை அன்றே போயிற்று! அவள் தன் தலையணையை ஒரு சாண் கீழே இறக்கிக்கொண்டாள். காற்று உச்சிக்கு மேலே போய்விடுகிறது. நடுவில் ஒரு திண்டு, நெஞ்சு உயரத்துக்கு. அது துளைகளை மூடாமல் இருக்கவேண்டும் என்பது ஒன்றுதான் கவனம்.

சொல்வது சுலபம். இடம் மாறும்போதுதான் நம் வீடுகளின் லட்சணம் தெரியும். பிளக் ஒரு சுவரில்தான் இருக்கும். அந்தச் சுவர் வடக்கில் இருக்கும். வடக்கே தலை வைக்கக்கூடாது என்று மாமியார் சொல்வார். நாங்கள் ஓர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கிழக்குச் சுவரில் புதிய பிளக் வைத்தோம். மாமியாருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி.

தனி அறையில் படுத்தால் தீர்ந்தது என்று சிலர் யோசனை சொல்வார்கள். தாராளமாக. அறை இருக்கிறவர்களுக்கு! நம் மாவட்டத்தின் தலைநகரான திருவள்ளூருக்குப் பெயர் வந்த கதை தெரிந்ததுதானே. முதியவர் வடிவில் வந்த பெருமாள் சாலிஹோத்ர முனிவரிடம் அன்னம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, படுக்க 'எவ்வுள்' என்று கேட்டாராம். எந்த இடம் என்று அர்த்தம். திரு எவ்வுள் ஆயிற்று. பெருமாள் இன்றும் அங்கே சயனித்திருக்கிறார். பேட்டையைச் சுற்றியுள்ள வாடகை வீடுகளில் அந்தக் கேள்வி தினமும் கேட்கப்படுகிறது. ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும். அதில் நான்கு பேர். தனி அறை என்றால் நடைமுறையில் கூடம், அல்லது மொட்டை மாடி. இயந்திரம் அங்கே போகாது. ஆளை அனுப்பினால் வைத்தியத்தையே அனுப்பிவிட்டோம் என்று அர்த்தம். இன்னொன்றும் உண்டு. இரவு ஷிப்டு முடித்து வந்து பகலில் தூங்குகிறவரும் முகமூடி மாட்டித்தான் தூங்க வேண்டும். வியாதிக்குப் பகல் இரவு தெரியாது. மனைவி பக்கத்தில் இல்லாததால் பகலில் காற்றுத் தொல்லையும் இல்லை. ஆனால் பகல்தானே என்று மாட்டாமல் விட்டுவிடுகிறார்கள்.

கிரேன்காரர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் போனோம். மெத்தை ஓர் அளவு பெரிதாகக் கொடுக்கப்பட்டிருந்தது, மாற்றி வாங்கினார்கள். இடத்தை மாற்றிப் படுத்தார்கள். வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தால், எங்கள் பக்கத்துத் தூசியில் ஒரே மாதத்தில் கறுத்துப் போயிருந்தது, அதையும் மாற்றினோம்.

போன வாரம் அந்த அம்மாளைக் கடைவீதியில் பார்த்தேன். "இப்போது தூக்கம் வருகிறதா?" என்று கேட்டேன்.

"வருதுங்க. ஆனா நடுவுல முழிச்சிக்கிறேன். சத்தமே இல்லையா, பயமா இருக்கு. அந்த ஓட்டைக்கு நேரா கையை வச்சுப் பாக்குறேன். காத்து வந்து வந்து போகுது. அப்புறம் தூங்கிடுறேன்."