மிதி கனத்தால் வேகமா?

"மதுரை வண்டியூர்ப் பக்கம் மேடு ஏது, பள்ளம் ஏது? கியர் இல்லாத சைக்கிளுக்குப் பின்னால் சின்ன ஃப்ரீவீலாகப் போடு. மிதி கொஞ்சம் கனக்கும், ஆனால் வண்டி பறக்கும்." இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. 18 பல்லைக் கழற்றிவிட்டு 16 பல் மாட்டிக்கொள்ளும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் முழங்காலை நினைத்து வருத்தமாக இருக்கிறது. இந்த நம்பிக்கை முழுத் தவறு.

கணக்கைப் பார்ப்போம். என் 28 அங்குலச் சைக்கிளில் முன்னால் செயின்வீலுக்கு 44 பல், பின்னால் முதலில் இருந்த ஃப்ரீவீலுக்கு 18 பல். பெடல் ஒரு சுற்று வந்தால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று ஓடி, வண்டி ஐந்தரை மீட்டர் நகரும். 16 பல்லென்றால் ஆறு மீட்டருக்குச் சற்று மேல், 22 பல்லென்றால் நாலரை மீட்டர். "அப்போ பதினாறுதானே ஜாஸ்தி?" என்பார்கள். ஜாஸ்திதான். ஆனால் 22 பல்லுக்குக் கொடுக்கிற அழுத்தத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூட்டி அழுத்தினால்தான் அந்த ஆறு மீட்டர் கிடைக்கும். வண்டி எவ்வளவு வேகம் போகும் என்பது காலில் உள்ள தெம்பையும் எதிரே வருகிற காற்றையும் பொறுத்தது. அந்தத் தெம்பை மிதிக்கு மிதி எப்படிப் பங்கிடுவது என்பது மட்டும்தான் பல்லின் வேலை.

1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செயின் பூட்டிய ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்து வெற்றி கண்டதற்கு முன்பு, பெடல் நேராக முன்சக்கரத்திலேயே இருந்தது. காலின் நீளம் எவ்வளவோ அதற்குத் தக்கபடிதான் சக்கரம். பெரும்பாலும் ஐம்பது சொச்சம் அங்குலம். அந்தக் கணக்கில் நம் 44க்கு 18 என்பது 68 அங்குலச் சக்கரம். 22 பல் போட்டால் 56. செயின் வந்தபின் காலுக்கு எட்டாத சக்கரத்தையும் மிதிக்க முடிகிறது என்பதற்காக, மிதித்தே தீர வேண்டுமா?

முனிச்சாலை சிக்னலில் சைக்கிளில் கேன் டீ விற்கிறவர் ஒருவரைக் கவனித்தேன். கேரியரில் டீ கேன், ஹேண்டில்பாரில் கப்பும் பிஸ்கட்டும் தொங்கும் பைகள். பச்சை விழுந்ததும் சீட்டைவிட்டு எழுந்து, உடம்பின் முழு எடையையும் ஒற்றைப் பெடலில் இறக்கினார். செயின் கிர்ரென்று இறுகியது. பெடல் மேலிருந்து கீழே வருவதற்குள் ஹேண்டில் இரண்டு தடவை கோணியது, கேன் ஒரு பக்கம் சாய்ந்தது, பின்னால் ஆட்டோக்காரர் ஹாரனை அமுக்கிவிட்டார். அடுத்த ஐம்பதாவது அடியில் யாரோ டீ கேட்டார்கள். நின்றார். மறுபடியும் அதே பாடு. ஒரு நாளைக்கு எத்தனை முறை! அந்த மனிதருக்கு மேடு பள்ளம் எதற்கு? ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு மேடுதான்.

சமவெளி என்கிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். தெப்பக்குளத்திலிருந்து காமராஜர் சாலை வழியாகக் கீழவாசல் போய்ச் சேர்வதற்குள் எத்தனை இடத்தில் கால் ஊன்றுகிறோம்? கேரியரில் 25 கிலோ அரிசிச் சிப்பம் இருந்தால் என்ன கதி? ஆடி மாதம் வந்தால் மேல்காற்று. வண்டியூர் ஊருக்குக் கிழக்கே இருப்பதால், டவுனுக்குப் போகிறவர் மேற்கே பார்த்து, நெஞ்சில் காற்றை வாங்கிக்கொண்டுதான் மிதிக்க வேண்டும்.

நான் 22 கேட்டபோது கடைப்பையன், "மிதி லேசாயிருச்சுன்னா ஸ்பீடு போயிரும்ணே" என்றான். போகவில்லை. நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 16 கி.மீ. வேகம், 80 சுற்று மிதித்தால் 21. அந்தக் காமராஜர் சாலையில் இதற்கு மேல் வேகம் யாருக்கு வாய்க்கும்? விடிகாலையில் சுமையில்லாமல் ரிங் ரோட்டில் ஒரே மூச்சாக ஓட்டுகிற இளைஞனுக்கு 16 பல் சரிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் 1937 வரை டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவிக்குத் தடை இருந்தது. பந்தய வீரர்களே பின்சக்கரத்தின் இரு பக்கமும் வேறு வேறு பல் வைத்துக்கொண்டு, மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, இலேசான மிதியில் ஏறினார்கள்.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. பழைய ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு 20 அல்லது 22 பல் மாட்டச் சொல்லுங்கள். நான்கு பல் கூடினால் பின்சக்கரத்தை அரை அங்குலம் முன்னே தள்ள வேண்டும், இடம் போதாவிட்டால் செயினில் ஒரு ஜோடி கண்ணி சேர்க்க வேண்டும். பின் பிரேக் கட்டை ரிம்மில் சரியாகப் படிகிறதா என்று பார்த்துவிட்டே கடையைவிட்டுக் கிளம்புங்கள்.

பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா சைக்கிளில் உங்கள் மகளோ மகனோ பள்ளிக்கூடம் போகிறார்களா? இன்று மாலை பின்சக்கரத்தருகே உட்கார்ந்து பல்லை எண்ணிப் பாருங்கள். புறப்படும்போது பிள்ளை சீட்டைவிட்டு எழுந்து மிதிக்கிறது என்றால், நாளைக்கே கடைக்குக் கூட்டிப் போங்கள்.