மேயும் ஆட்டுக்கு ஜி.பி.எஸ். பட்டை தேவையா?

கேள்வி: எங்களிடம் 30 வெள்ளாடுகள் இருக்கின்றன. ஏரிக்கரையிலும் எங்களுடைய 2 ஏக்கர் தரிசிலும் மேய்க்கிறோம். போன மாதம் 2 ஆடுகள் காணாமல் போய்விட்டன. பக்கத்துத் தோட்டத்தில் ஆடு புகுந்து சண்டையும் வந்தது. ஆடுகளுக்கு ஜி.பி.எஸ். பட்டை கட்டலாமா? காப்பீட்டுக்காகப் போட்ட காது வில்லையை வைத்தே கண்டுபிடிக்க முடியாதா?
- வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: காது வில்லையில் இருப்பது அடையாள எண் மட்டும்தான். ஆடு எங்கே நிற்கிறது என்பதை அது சொல்லாது. ஆனால், கிடைத்த ஆடு உங்களுடையதுதான் என்று நிரூபிக்கவும், காப்பீடு கேட்கவும் அந்த எண் வேண்டும். எல்லா எண்களையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

ஜி.பி.எஸ். பட்டை, செயற்கைக்கோள் மூலம் இடத்தை அறிந்து, உள்ளே இருக்கும் சிம் கார்டு வழியாக உங்கள் செல்போனுக்கு அனுப்பும். எனவே, மேய்ச்சல் இடத்தில் சிக்னல் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் பணம் வீண்.

30 ஆடுகளுக்கும் பட்டை வேண்டாம். வெள்ளாடு மந்தையாகப் போகும் பிராணி. முன்னால் போகும் ஆட்டுக்கு ஒன்று, பிரிந்து ஓடும் ஆட்டுக்கு ஒன்று போதும். 25 கிலோ ஆட்டுக்குப் பட்டையின் எடை அரை கிலோவைத் தாண்டக் கூடாது. பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். வளரும் குட்டிகளுக்குக் கட்டாதீர்கள்; கழுத்தை இறுக்கிவிடும். வண்டி பேட்டரியில் இணைக்கும் கருவி ஆட்டுக்கு உதவாது. 5 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் காட்டச் சொன்னால் சார்ஜ் சீக்கிரம் தீரும். அரை மணிக்கு ஒருமுறை போதும் என்றால் அதிக நாள் தாங்கும். ஆனால், ஆடு எல்லை தாண்டிய செய்தியும் தாமதமாகத்தான் வரும். செய்தி வந்தாலும் ஆட்டை ஓட்டி வருவது நீங்கள்தான். தோட்டத்துப் பக்கம் உயிர்வேலி அவசியம்.

திருட்டுக்கும் இது முழுத் தீர்வல்ல. பட்டையை அறுத்து எறிந்துவிட முடியும். மாலையில் பட்டியில் அடைக்கும்போது தினமும் எண்ணுங்கள். இரவில் பட்டியைப் பூட்டுங்கள்.

பட்டையால் கிடைக்கும் பெரிய பலன் வேறு. இரண்டு வாரப் பதிவைப் பார்த்தால், ஆடுகள் எந்தப் பக்கம் திரும்பத் திரும்பப் போகின்றன என்று தெரியும். நிழலிலும் தண்ணீர் அருகிலும் புள்ளிகள் குவிந்தால், அங்கே படுத்து அசைபோடுகின்றன என்றும் இருக்கலாம். நேரில் போய்ப் பாருங்கள். புல் தரையோடு ஒட்ட மேய்ந்திருந்தால் அந்தப் பகுதிக்கு ஓய்வு கொடுங்கள். குடற்புழுவின் இளம்புழுக்கள் புல்லின் அடிப்பகுதியில்தான் அதிகம் இருக்கும். உங்கள் 2 ஏக்கரை நான்காகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்த்தால் புல்லும் தழைக்கும், புழுத் தொல்லையும் குறையும்.

முதலில் ஒரே ஒரு பட்டை வாங்கி ஒரு மாதம் பாருங்கள். பலன் தெரிந்தால் இரண்டாவது வாங்கலாம்.