பென்சிலுக்கு முன் மணல்



செராசில் பாலர் வகுப்புக் குழந்தைகளுக்குக் கற்பித்து வருகிறேன். பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே ஆண்டுதோறும் ஒரு கேள்வி என்னைத் தேடி வந்துவிடும். "டீச்சர், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு நோட்டு முழுக்க எழுதிவிட்டது. என் மகனின் நோட்டு மட்டும் ஏன் காலியாக இருக்கிறது?"

இக்கேள்வியில் தவறில்லை. பிள்ளை முதலாம் ஆண்டில் பின்தங்கிவிடுமோ என்ற அச்சமே அது. அந்த அச்சத்துக்குப் பணிந்து நானும் ஒரு காலத்தில் நோட்டுகளை நிரப்பிக் காட்டியவள்தான். அவ்வாண்டு என் வகுப்பில் ஒரு சிறுவன் உயிரெழுத்து, மெய்யெழுத்து அனைத்தையும் அச்சடித்தாற்போல் எழுதுவான். ஒருநாள் 'படம்' என்ற சொல்லைக் காட்டினேன். 'ப', 'ட', 'ம்' எனத் தனித்தனியே சொன்னான். சேர்த்துச் சொல்லத் தெரியவில்லை. அவன் எழுத்துகளை வரைந்திருக்கிறான், வாசிக்கக் கற்கவில்லை. குறை அவனுடையதன்று, என்னுடையது.

தமிழ் எழுத்துகள் 247 என்றதும் பெற்றோர் மலைக்கின்றனர். ஆனால் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகியவை போக, எஞ்சிய 216 எழுத்துகளும் உயிரும் மெய்யும் சேர்ந்து பிறப்பவை. உகர, ஊகார வரிசைகளில் வடிவம் பலவாறு மாறும் என்பது உண்மையே. ஆயினும், ஒலிகள் சேர்வதைக் காது உணர்ந்துவிட்டால், குழந்தை ஒவ்வோர் எழுத்தையும் புதிதாக மனனம் செய்ய வேண்டியதில்லை. ஆகவே என் வகுப்பில் இப்போது காதுக்கே முதலிடம். "மாமா, மாடு, மாலை: முதலில் கேட்கும் ஒலி எது?" என்று கேட்கிறேன், கைதட்டிச் சொல்கின்றனர்.

அடுத்தது விரல். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் உரக்கச் சொல்லியபடி மணலில் எழுதிப் பழகினர். 1789-இல் சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகள் காப்பகம் ஒன்றின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், உள்ளூர்ப் பிள்ளைகள் அவ்வாறு எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் புகுத்தினார். 1797-இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூல்வழி அம்முறை இங்கிலாந்துக்கும் சென்றது. நம் பாட்டனார் கண்ட வழியை நாம் ஏன் மறந்தோம்? மணலில் பிழை நேர்ந்தால் உள்ளங்கையால் அழித்துவிடலாம். அழிப்பானும் வேண்டாம், அழுகையும் வேண்டாம். களிமண் பிசைந்து, மணலில் எழுதி வலுப்பெற்ற விரல்களே பென்சிலைத் தளராமல் பிடிக்கும்.

எண்ணும் அவ்வாறே. நூறு வரை ஒப்புவிக்கும் குழந்தையிடம் ஏழு புளியங்கொட்டைகளை எடுத்துத் தரச் சொல்லிப் பாருங்கள், பலர் தடுமாறுவர். பல்லாங்குழியோ சொங்காக்கோ ஆடும் குழந்தைக்கு எண்ணிக்கை விரல்நுனியில் வந்துவிடும். மேலும், 'பதின்மூன்று' என்னும்போது பத்து முன்னும் மூன்று பின்னும் ஒலிக்கின்றன. 13 என எழுதும் வரிசையும் அதுவே. மலாயின் 'தீகா பெலாஸ்', ஆங்கிலத்தின் 'தெர்ட்டீன்' இரண்டிலும் மூன்றே முந்துகிறது. மும்மொழியிலும் எண்ணும் நம் குழந்தை சில வேளைகளில் 31 என எழுதினால் திட்டாதீர்கள். தமிழில் சொல்லவைத்து எழுதச் செய்யுங்கள்.

தேர்வுக்காக அவசரப்படுவதாகச் சொல்வோரும் உளர். 2019 முதல் முதலாம் ஆண்டு தொடங்கி மூன்றாம் ஆண்டு வரை தேர்வுகள் அகற்றப்பட்டு, வகுப்புசார் மதிப்பீடே நடைபெறுகிறது. பிறகு யாருக்காக இந்த ஓட்டம்?

எழுத்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் காது, அடுத்து விரல், அதன்பின் பென்சில் என்கிறேன். ஆறு வயதுக்குள் தமிழ் என்றாலே கைவலியும் கண்ணீரும் எனப் பதிந்துவிட்டால், அக்குழந்தையின் பெற்றோர் 'தமிழ் கடினம்' என்று முடிவு கட்டுவர். அடுத்த பிள்ளை தமிழ்ப்பள்ளியின் வாசலையே மிதிக்காது. நிரப்பிய நோட்டுக்கு நாம் கொடுக்கும் விலை அதுதான்.

இன்றிரவு பிள்ளையிடம் "எத்தனை பக்கம் எழுதினாய்?" என்று கேட்காதீர்கள். "இன்று என்ன கதை கேட்டாய்? எனக்கும் சொல்" என்று கேளுங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.