வினாக் கேட்கும் நா வேண்டும்!

படம் வரைந்த அட்டையைக் காட்டிக் குழந்தைக்கு மொழி பயிற்றும் வழக்கம் இன்று தமிழ்நாட்டு மழலையர் பள்ளிகளில் மட்டுமன்றி வீடுகளிலும் வேரூன்றி விட்டது. அவ்வட்டைகளை யாம் வெறுப்பவரல்லேம். ஆயின், அவற்றுள் எப்படம் வரையப்பட்டுள்ளது, அதைக் காட்டி எவ்வினா கேட்கப்படுகின்றது என்னும் இரண்டையும் எண்ணுங்கால் நெஞ்சம் நோகின்றது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிறந்த திருவரங்கத்துக் குழந்தை, வடமுனைப் பனிநாட்டார் பனிக்கட்டியால் எழுப்பும் குடிலின் பெயரை ஆங்கிலத்தில் ஒப்பிக்கின்றது. தன் ஊர்க் கொல்லையில் நிற்கும் வாழையின் பூவுக்கும் தண்டுக்கும் தாருக்கும் சீப்புக்கும் பெயரறியாமல் விழிக்கின்றது. இஃது அக்குழந்தையின் குற்றமா? அட்டையைத் தேர்ந்து கொடுத்த நம் குற்றமே!

சரி, அதே அட்டையைத் தமிழில் அச்சிட்டு விட்டால் குறை தீர்ந்து விடுமா? தீராது. “இஃது என்ன?” என்று கேட்கின்றோம், “அணில்” என்கின்றது குழந்தை. உடனே அடுத்த அட்டை! பத்து அட்டைக்குப் பத்துச் சொற்கள். ஒரு தொடர்கூட இல்லை. மொழி என்பது பெயர்களின் குவியலன்று. பெயர் வினையைத் தழுவி, வேற்றுமை ஏற்று, காலங்காட்டி முடியும்போதே அது பேச்சாகின்றது. பெயரை மட்டும் ஒப்பிக்கப் பழகிய நாவுக்குத் தன் நெஞ்சில் உள்ளதை எடுத்துரைக்கும் ஆற்றல் வருவதில்லை.

வினாவின் ஆற்றலை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பவணந்தியார் நன்னூலில் வினாவை ஆறாகவும், விடையை எட்டாகவும் வகுத்தார். விடை தெரிந்தே மாணவனைக் கேட்பது அறிவினா. தெரியாமல் கேட்பது அறியாவினா. கயிறோ பாம்போ என மயங்குவது ஐயவினா. பெறுதற்குக் கேட்பது கொளல்வினா. கொடுத்தற்குக் கேட்பது கொடைவினா. ஒரு செயலைச் செய்யத் தூண்டுவது ஏவல்வினா. இவ்வாறனுள் இன்றைய அட்டைகள் பயன்படுத்துவது முதலாவதை மட்டுமே. குழந்தைக்கு இயல்பாயுள்ள அறியாவினாவுக்கு அங்கே இடமே இல்லை! விடையிலும் அவ்வாறே. “ஆற்றில் நீராடுவாயா?” என்றால், “ஆடுவேன்” என்பது ஒரு விடை, “ஆடேன்” என்பது ஒரு விடை, “கால் வலிக்கின்றது” என்பதும், “சளி பிடிக்கும்” என்பதும், “நீயே ஆடு” என்பதும் விடைகளே. ஒற்றைச் சொல்லையே விடையெனக் கொள்ளும் அட்டை, குழந்தைக்குரிய எட்டு வாயில்களுள் ஏழனை அடைத்து விடுகின்றது.

எனவே, அட்டை எப்படி இருத்தல் வேண்டும்? திருச்சிராப்பள்ளிக் காந்தி சந்தையில் ஒருவர் வாழைத்தார்களை வண்டியில் ஏற்றும் படம் ஒன்று போதும். முதலில் யார், என்ன, எங்கே என்பன. இவை கண்ணால் கண்டே விடை கூறத்தக்கவை. அடுத்து எப்படி, எதனால் என்பன. இவை எண்ணி விடை கூறத்தக்கவை. பின்னர், “தார் சரிந்து விழுந்தால் என்ன ஆகும்?” என்பது, இது படத்தில் இல்லாததையும் எண்ணச் செய்வது. வினவியபின் பொறுத்திருங்கள், குழந்தை சொல் தேடும் அமைதியை நம் சொல்லால் நிரப்பாதீர்கள். அது “வண்டி” என்றால், “ஆம், வண்டியில் தாரை ஏற்றுகின்றார்” என்று நீட்டிக் கூறுங்கள். “வாளை” என்றால் கடிந்து திருத்த வேண்டா. “ஆம், வாழைதான்” என்று செவியில் விழச் செய்யுங்கள். சிறப்பு ழகரம் இளநாவுக்குக் காலந்தாழ்த்தே வாய்க்கும். இறுதியாக, அட்டையைக் குழந்தையின் கையிற் கொடுத்து, “இனி நீ கேள், யான் சொல்கின்றேன்” என்னுங்கள். பயிற்சியின் உயிர்நிலை இதுவே!

உலகறிந்த உண்மையும் இதுவே. படத்தையும் சொல்லையும் இணைத்துச் சிறுவர்க்குக் கொமேனியசு நூல் வெளியிட்டது 1658-இல். படநூலை வெறுமனே படித்துக் காட்டாமல், விரிந்த விடை வேண்டும் வினாக்களைக் கேட்ட பெற்றோரின் குழந்தைகள் நான்கே கிழமைகளில் பேச்சுத் திறத்தில் முந்தியதை, அமெரிக்காவில் வொயிட்கர்சுட்டு குழுவினர் 1988-இல் காட்டினர். ஒன்பது திங்கள் நிறைந்த அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீனமொழியை நேரிற் பேசிக் காட்டியபோது அவை அதன் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதனையே திரையிற் காட்டியபோது கற்கவில்லை. இது 2003-இல் பத்திரிசியா கூல் குழுவினர் கண்டது. குழந்தையின் கையிற் கைப்பேசியைத் திணித்துவிட்டு, “மொழி கற்கின்றது” என மகிழும் பெற்றோர் இதனை எண்ணுதல் வேண்டும்.

நம் நாட்டிலும் இம்முயற்சி புதிதன்று. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர்த் தமிழ்நாடு முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், பாடத்தைப் படிப்படியாகப் பகுத்து அட்டைகளில் அமைத்தது. 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. திட்டங்கள் மாறலாம், ஆயின் அட்டை வெறும் ஏணியே. ஏறுபவள் குழந்தை, கைப்பிடித்து ஏற்றுபவர் உடன் பேசும் தாயும் தந்தையும் ஆசிரியருமே.

ஒன்றை மறவற்க. இரண்டு அகவை நிறைந்தும் இருசொல் இணைத்துப் பேசாத குழந்தையைத் தானே பேசும் என்று விட்டுவிடாமல், செவித்திறன் ஆய்வுக்கும் பேச்சுப் பயிற்சியாளரிடத்தும் காலத்தே அழைத்துச் செல்க. அட்டை மருந்தன்று.

அன்பர்களே! தூயதமிழ் பேசுதல் வேண்டுமென மேடையில் முழங்குகின்றோம். அத்தமிழ் முளைவிடும் இடம் மேடையன்று, தாயின் மடியே. பழைய நாட்காட்டி அட்டைகளை எடுத்துக் கொள்ளுங்கள். மலைக்கோட்டையையும், 1987-இல் முடிவுற்ற திருவரங்கத்துப் பதின்மூன்று நிலைக் கோபுரத்தையும், உறையூர்த் தறியையும், கல்லணையையும் வரையுங்கள். நாளும் ஓர் அட்டை, அரைநாழிகைப் பேச்சு. பொருட்செலவு இல்லை; அரசாணையும் வேண்டா. ஏன் என்று தமிழிற் கேட்கப் பழகிய குழந்தை, நாளை எவர்முன்னும் தலைகுனியாது!