வலிப்பு மருந்தும் பெயர்ச் சண்டையும்

1968-ம் வருஷம் ஆஸ்திரேலியாவில், பெனிடாயின் என்ற மருந்தை வழக்கமான அளவிலேயே உட்கொண்டு வந்த வலிப்பு நோயாளிகள் பலருக்கு, மருந்து மிதமிஞ்சிய விஷக்குறிகள் தோன்றலாயின. மருந்தோடு கலக்கும் நிரப்புப் பொருள் மாத்திரமே மாறியிருந்தது. கால்சியம் சல்பேட்டுக்குப் பதில் லாக்டோஸ். அதனால் உடல் முன்னிலும் அதிகமாக மருந்தைக் கிரகித்து விட்டது. பெனிடாயினை அழிக்க ஈரலுக்குள்ள சக்தி ஓர் எல்லைக்குட்பட்டது. அதைத் தாண்டினால், அளவு சொற்பம் கூடினாலும் இரத்தத்தில் மருந்து வெகுவாக ஏறிவிடும். சொற்பம் குறைந்தாலோ, பல வருஷமாக அடங்கியிருந்த வலிப்பு மீண்டும் தலையெடுக்கலாம். அடுப்படியிலோ கிணற்றடியிலோ அது வந்தால் உயிருக்கே ஆபத்து.

இதை நினைவிற்கொண்டே நமது நாட்டு ஜெனரிக் மருந்து விவாதத்தை நோக்க வேண்டும். வைத்தியர்கள் மருந்தை அதன் மூலப் பெயராலேயே எழுதித்தர வேண்டுமென்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2-ல் விதி வெளியிட்டது. வைத்திய சங்கங்கள் ஆட்சேபிக்கவே, அதே மாதம் 23-ல் நிறுத்தி வைத்தது. விளம்பரப் பெயருக்காக ஏழை அதிக விலை கொடுக்க வேண்டுமென்று நாம் ஒருநாளும் சொல்லமாட்டோம். வருஷக்கணக்கில் தினந்தோறும் விழுங்க வேண்டிய மருந்து இது. காசில்லாமல் இரண்டு நாள் நிறுத்தினால், வலிப்பு வருவதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. ஜெனரிக் என்றாலே மட்டம் என்பதும் தவறு. லாமோட்ரிஜின் மருந்தை இரு ஜெனரிக் கம்பெனிகளுக்கிடையே மாற்றி மாற்றிக் கொடுத்து அமெரிக்காவில் நடத்திய ஆராய்ச்சி 2016-ல் வெளியாயிற்று. இரத்தத்தில் மருந்தின் அளவு சமமாகவே இருந்தது.

ஆபத்தெல்லாம் சில குறிப்பிட்ட மருந்துகளில் அடிக்கடி கம்பெனியை மாற்றுவதிலேயே இருக்கிறது. பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2013-ல் இதைத் தெளிவாகப் பிரித்துக் கூறிற்று. பெனிடாயின், கார்பமாஸெபின், பெனோபார்பிடால், பிரிமிடோன் ஆகிய நான்கும் ஒரே உற்பத்தியாளருடையதாகவே தொடர வேண்டும்; லெவடிராசெட்டம் போன்றவற்றுக்கு அக்கட்டாயமில்லை. நமது ஆணையத்தின் விதியிலும் இத்தகைய நுட்பமான மருந்துகளுக்கு விலக்கு இருந்தது. பிராண்டா, ஜெனரிக்கா என்ற கூச்சலில் அதைக் கவனித்தவர் சிலரே.

நம் நாட்டில் பிராண்டு என்று விற்பதும் பெரும்பாலும் பெயர் சூட்டப்பட்ட ஜெனரிக்கே. இரு கம்பெனிகளின் மருந்தும் இரத்தத்தில் ஒரே அளவு சேருகிறதா என்று பார்க்கும் சோதனை, நன்கு கரையாத மருந்துகளுக்கு 2017-ல்தான் கட்டாயமாயிற்று. அதற்குமுன் லைசென்ஸ் பெற்ற வலிப்பு மருந்துகளையும் சர்க்கார் அச்சோதனைக்கு உட்படுத்த வேண்டும். டெண்டர் மூலம் கொள்முதல் செய்யும் பொது ஆஸ்பத்திரிகள், மேற்சொன்ன நான்கு மருந்துகளுக்காவது அடிக்கடி கம்பெனியை மாற்றலாகாது. மாற்ற நேர்ந்தால், சீட்டைக் கொண்டு வருபவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லி, தாமதமின்றி வைத்தியரைக் காணும்படி அனுப்புவது மருந்து கொடுப்பவரின் கடமையென்று விதிக்க வேண்டும்.